எழும்பாத சுட்டுவிரல்

நோன்பு திறக்கச் சற்று முன், சாய்ந்தமருது வீட்டுக் குசினியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். வலது கை உள்ளே இருக்கும்போதே அது உடைந்து, சுட்டுவிரலின் அடிமுட்டியை மேற்பக்கமாகக் கிழித்தது.

“சின்னக் காயம்தானே புள்ள,” என்று கணவர் துணி சுற்றிவிட்டார்.

நோன்பு திறந்தபின் மஃரிப் தொழுகையில், உட்கார்ந்தபடி, இறைவன் ஒருவனே என்ற கலிமாவோடு சுட்டுவிரலை உயர்த்தும் இடம் வந்தது. விரல் தொடையிலேயே கிடந்தது. வலிகூடப் பெரிதாக இல்லை, அதுதான் பயமுறுத்தியது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும், “இஞ்சாருங்க, விரல் எழும்புதில்ல!” என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் காயத்தை விரித்துப் பார்த்தார். “எலும்பு நல்லாத்தான் இருக்கு. விரலத் தூக்குற தசைநாண்தான் அறுந்துட்டு.”

தைத்து, மட்டை கட்டி, வாரக்கணக்கில் அந்த விரலை அசைக்காமல் வைத்திருந்தேன். கட்டை அவிழ்த்த பிறகு ஒரு தொழுகையில் அது நடுங்கி, கொஞ்சமாக எழுந்தது.

இத்தனை வருடம் நினைக்காமலே உயர்த்திய விரல். அன்றுதான் கலிமாவையும் நினைத்து ஓதினேன்.