இரண்டு பட்டன்

ஜெர்மனியில் என் மிஷின் தொழிற்சாலையைச் சோதிக்க வரும் அதிகாரி, எனக்கு 'குட்டன் டாக்' சொல்வதற்கு முன்பே, மண்ணை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸின் வாய்க்குள் ஒரு மரக்குச்சியை நீட்டிப் பார்ப்பார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. "உங்கள் ஊரில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?" என்று ஒருமுறை கேட்டார். "சாமி" என்றேன் விளையாட்டாக. அவர் சிரிக்கவில்லை. சாமி என்ற அந்த அதிகாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வருவார் என்று கேட்டார்.

ஃபிட்டராகப் பிழைக்க வந்து, முட்டிமோதி, இங்கே சொந்தக் கம்பெனி தொடங்கியவன் நான். எண்பதுகளின் கடைசியில் என் முதல் பிரஸ்களில் ஒன்றை, விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருந்த அக்கா புருஷனுக்குக் கப்பலில் அனுப்பினேன். கரண்டு பெட்டிக்கான பீங்கான் பியூஸ் கேரியர் அடிக்கும் கைப்பிரஸ்ஸின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அக்காவுக்குத் தோள்பட்டை வீங்கிக் கிடந்தது. அவளுக்காகத்தான் அனுப்பினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அடுத்த வருஷம் ஊருக்குப் போய்ப் பட்டறைக்குள் நுழைந்தேன். மிஷினுக்கு மாலை போட்டு, பட்டன்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். இடது பட்டனைச் சைக்கிள் டியூபால் அமுக்கிக் கட்டியும் வைத்திருந்தார்கள். அக்கா வலது கையால் மற்ற பட்டனை அழுத்துவதும், பிரஸ் மேலே போனதும் இடது கையை உள்ளே விட்டு கேரியரை எடுப்பதுமாக இருந்தாள்.

"ஐயோ, கையை எடுக்கா!"

"ஏண்டா கத்துற? ரெண்டு கையும் பட்டன்லயே இருந்தா பீஸ யாரு எடுக்கறது? வேல ஓட வேணாமா?"

டியூபை அறுத்தெறிந்தேன். மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "மிஷினு குடுத்தீங்க, சந்தோஷம் மாப்ள. உங்க ஊரு வேல வேற, எங்க ஊரு வேல வேற. நாங்க பாத்துக்கறோம், வுடுங்க."

உங்க ஊரு என்றாரே, அதுதான் சுட்டது. நான் பிறந்ததே அந்தப் பட்டறைக்குப் பின்தெருவில். மிஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டால் அக்கா மறுபடி கைப்பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். விட்டுவைத்தால் ஒருநாள் விரல் போகும். நான் கிளம்பும்போது அவள் வேறொரு டியூபைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "வூட்ல சோறு இருக்குது, தின்னுட்டுப் போடா" என்றாள்.

பீஸைத் தானே வெளியே தள்ளும் பிரஸ் ஒன்றை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. இந்தியாவிலிருந்து போன் என்றால் என் ஆட்கள் புது ஆர்டர் என்று முகம் மலர்ந்து ரிசீவரை நீட்டுகிறார்கள். நான் வாங்கிக் காதில் வைத்து, அக்காவின் குரல் வரும்வரை மூச்சு விடாமல் நிற்கிறேன்.