போனை வைக்கும்போது சொல்லும் சொல்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் குச்சவெளி பஸ்ஸுக்காக நிற்கிறேன். இத்தாலியில் கோடைகால மொழி வகுப்பை முடித்துவிட்டு, விமானமும் கொழும்பு பஸ்ஸும் மாறி வந்த களைப்பு. இனி எந்த மொழியிலும் வாய் திறக்க மனமில்லை. பையில் தொங்கும் ரோம் விமான நிலையச் சீட்டைக் கருவாடு விற்கும் அக்கா பார்த்துவிடுகிறார்.

“தம்பி, இத்தாலிப் பாசை தெரியுமோ?”

“ஓம், கொஞ்சம்.”

“அண்ணன்ர மகள் அங்கதான் பிறந்தவள். சின்னப் பிள்ளை. கதைச்சு முடிய ஒவ்வொரு முறையும் ‘சாவு, மாமி’ எண்டு போனை வைக்கிறாள். நான் அவளுக்கு என்ன செய்தனான்? அண்ணனிட்டச் சொன்னா பிள்ளைக்கு அடி விழும். அதால இப்ப போன் வந்தா நான் எடுக்கிறதேயில்லை.”

எனக்குச் சிரிக்கக்கூட ஏலவில்லை.

“அது சாவு இல்லை அக்கா, ச்சாவ். நாங்கள் ‘போயிட்டு வாறன்’ எண்டு சொல்லுறமே, அதுதான்.”

அக்கா கருவாட்டைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். “பிள்ளை எத்தினை தரம் எடுத்தவள்...” என்கிறார்.

பஸ் வருகிறது. ஏறி யன்னலோரம் சாய்கிறேன். அக்கா கீழே நின்று கையை ஆட்டி, தெருவுக்கே கேட்கக் கத்துகிறார்: “சாவு, தம்பி!”

பஸ்ஸில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. நானும் கையை ஆட்டுகிறேன்.

“சாவு, அக்கா!”