வலங்கைமானில் குடும்பப் புற்றுநோய்ப் பட்டியல் தேடிய ஒரு நாள்

புறப்படும் முன் எழுதிய குறிப்பு:
1. ஏன் போகிறேன்
2. தஞ்சாவூரிலிருந்து வழி, நேரம்
3. உறவினரிடம் என்ன கேட்பது
4. மகளுக்கு வந்திருப்பது மார்பகப் புற்றுநோய்; ஆகவே தாய்வழியை மட்டும் விசாரித்தால் போதும்

என் மகளுக்கு நாற்பத்தோரு வயது. போன மாதம் நோய் உறுதியானது. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது என்று மருத்துவர் எழுதி வரச் சொன்னார். மரபணுப் பரிசோதனை வேண்டுமா, அறுவை சிகிச்சை எந்த அளவுக்கு என்பதற்கெல்லாம் அது தேவையாம். செவ்வாய்க்கிழமை மனைவியின் தம்பி வீட்டுக்குக் கிளம்பினேன்.

காலை 6.40க்குப் பேருந்து. கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். நேராக வலங்கைமான் போகுமா என்று நடத்துநரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். "இன்னொரு தடவ கேட்டாலும் கும்பகோணம்தான் சார்!" அங்கே வண்டி மாறிப் பத்து கிலோமீட்டர். பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. மீதியில் அறுவடை இயந்திரம் நின்றது. போய்ச் சேர்ந்தபோது 9.50.

மச்சினர் வீட்டில் இட்லி வந்தது, பதில் வரவில்லை. மாமியார் எதில் இறந்தார்? "வயசாச்சு." சின்ன மாமனார்? "வயித்துவலி." என்ன வலி என்றால் சட்னி வேண்டுமா என்கிறார்கள். மச்சினரின் மனைவி என் நோட்டையே மூடிவிட்டார்.

"கேன்சர்னு எங்க வீட்டுப் பேர எழுதாதீங்கண்ணா. பொண்ணுக்கு வரன் பாக்குறோம்."

எனக்குக் குரல் உயர்வது அபூர்வம். "என் பொண்ணு அங்க காத்துக்கிட்டிருக்கா. இப்படி மறைக்கிறீங்களே!"

மச்சினர் எழுந்து போய்ப் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். "அம்மாவுக்கு ஹார்ட்டு. சித்தப்பாவுக்கு அல்சர் வெடிச்சுது. படிச்சுப் பாருங்க. எங்க வீட்டையே தோண்டுறீங்களே அத்தான், உங்க அக்கா எதுல போனாங்க?"

"சினைப்பையில கட்டி. அது வேற கேன்சர். அதோட, அக்காவ மன்னார்குடியில கட்டிக் கொடுத்தாச்சு. வேற குடும்பம்."

"உங்க சித்தப்பாவுக்குக் கணையத்துல வந்துச்சே. அவரையும் கட்டிக் கொடுத்துட்டீங்களா?"

வாசலுக்கு வந்து மருத்துவமனைக்குப் போன் செய்து அக்காவையும் சித்தப்பாவையும் சொன்னேன். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: ஒரே மரபணுக் கோளாறு ஒருவருக்கு மார்பகத்திலும், இன்னொருவருக்குச் சினைப்பையிலும், வேறொருவருக்குக் கணையத்திலும் புற்றுநோயாக வரலாம், அப்பா வழியாகவும் இறங்கும். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். உடனே டெஸ்ட் எடுத்துடுவோம்."

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: இரண்டு பக்கமும் கேளுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களை விடாதீர்கள். எந்த உறுப்பானாலும் வயதோடு எழுதுங்கள். வாய்ப்பேச்சை விடப் பழைய சீட்டுகளை நம்பலாம்.

அக்கா இறந்தபோது அவளுக்கு நாற்பத்து நான்கு. மகளின் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு என் ரத்தத்தையும் எடுப்பார்களாம். மறைக்கிறார்கள் என்று நான் கத்திய வீட்டில் மறைக்க ஒன்றுமே இல்லை. என் நான்காவது குறிப்பு தவறு. தாய்வழி மட்டும் போதும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டது.