பதினாறு கழியட்டும்

சொத்துக்காக அடித்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தைப் பற்றி நாங்கள் எடுத்த டார்க் காமெடிப் படத்துக்கு, இலஞ்சியில் தன் வீட்டை வாடகைக்குத் தந்தவர் அவர். நெற்றி நிறையத் திருநீறு. சண்டைக் காட்சி எடுத்து முடித்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உதவி இயக்குநரான என்னிடம் வந்துவிடுவார்.

"அம்மை பொணத்தைக் கிடத்தி வச்சிக்கிட்டு எவனாவது பாகம் கேப்பானா தம்பி? குடும்பம்னா ஒரு மட்டு மரியாதை வேண்டாமா?"

"அப்போ எப்பதான் கேக்கணும், அண்ணாச்சி?"

"பதினாறு கழியட்டும். விருந்து சாப்பிட்டு வாயத் துடைச்சிட்டுக் கேக்கணும்."

கடைசி நாள்தான் கூடத்தில் கேமரா வைத்தோம்; நடுவே நின்ற சுவர் மறைத்தது. எங்கள் ஆட்கள் போட்ட செட் என்று நினைத்து, "இதை எடுத்திரலாமா?" என்றேன்.

"அது செட்டு இல்ல தம்பி. அந்தப் பக்கம் என் கூடப்பொறந்தவன் இருக்கான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பதினேழாம் நாள் கட்டுனது. அதுவரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்கலியே!"