பாறை விளிம்பில் தயிர்சாதம்

சுற்றுலாக் கூட்டத்தை அழைத்துப் போகிறவனிடம் பெட்டி தொலைந்தது என்றால் எப்படியாவது தேடித் தந்துவிடுவான். மனநிம்மதி எங்கே கிடைக்கும் என்று கேட்டால்தான் முழி பிதுங்கும். சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும், என் பாடு புரியும். நான் திருவனந்தபுரத்திலிருந்து அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவன். வறண்ட பாலை நிலத்தை ஓர் ஆறு அறுத்து உண்டாக்கிய பெரும்பள்ளம் அது.

வாசல் இல்லாத சந்நிதி

இந்த முறை வந்த கூட்டத்தில் ஒருவர், எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் பிள்ளை, நாகர்கோவில் பக்கத்துக்காரர். பஸ்ஸில் வழிநெடுகப் புலம்பல். ஒரு தென்னை உண்டா, ஒரு குளம் உண்டா, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று.

விளிம்புக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். சிவந்த பாறைகள் அடுக்கடுக்காகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தன. போட்டோவுக்கு நான் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. வெகுநேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம கோயில்ல பள்ளிகொண்ட பத்மநாபசாமிய மூணு வாசல் வழியா துண்டு துண்டாட்டுதான் பாக்கோம். இங்க முழுசாட்டு கெடக்காரு, பாத்தியா தம்பி?"

காய்ந்த மரம்

அதே பஸ்ஸில் எங்கள் ஊர் ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்திருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகன் இதே அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் வேலை பார்த்தவன். போன வருஷம் கார் விபத்தில் போய்விட்டான். அதற்குச் சில நாள் முன்பு இந்தப் பள்ளத்தாக்கில் நின்று எடுத்த போட்டோவை மாமிக்கு அனுப்பியிருந்தான். 'இங்க வந்தா மனசு அடங்கிடறதும்மா, உன்னையும் கூட்டிண்டு வரேன்' என்று கூடவே எழுதியிருந்தான். அவன் நின்ற இடத்தில் தானும் நிற்க வேண்டும், மாமி கேட்டது அவ்வளவுதான்.

போட்டோவில் அவனுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டு ஒரு காய்ந்த மரம். டிரைவர் பார்த்துவிட்டு, இடம் தெரியும் என்றார். ஆனால் அங்கே போனால் மற்றவர்கள் ஆசையாகக் காத்திருந்த சூரிய அஸ்தமனத்தைப் பார்க்க முடியாது. எழுந்து நின்று எல்லோரிடமும் கேட்டேன். முதலில் பிள்ளைதான் சொன்னார்: "சூரியன் நம்ம சங்குமுகம் கடல்லயும் விழும் தம்பி, வண்டியத் திருப்பச் சொல்லு."

ஈரக் கை

மரம் அங்கேயே இருந்தது. மாமி அதன் பக்கத்தில் போய் நின்றாள். அழவில்லை. காலையில் ஓட்டல் அறையில் பிசைந்த தயிர்சாதத்தை டப்பாவிலிருந்து எடுத்து, உருண்டையாகப் பாறையில் வைத்தாள். பாட்டில் தண்ணீரில் கையை நனைத்து மெல்லத் தட்டினாள். கர்க்கடக வாவு என்கிற ஆடி அமாவாசை அன்று நம்மூர்க் கடற்கரையில் பித்ருக்களுக்கு வைக்கும் பலிச்சோற்றுக்குக் காக்காயைக் கூப்பிடுகிற அதே தட்டல். எங்கிருந்தோ ஓர் அண்டங்காக்கை வந்து எதிரே உட்கார்ந்தது.

அதற்குள் பூங்காக் காவலர் வந்துவிட்டார். இங்கே பறவைகளுக்கு எதையும் போடக் கூடாது, அவற்றுக்குத்தான் கெடுதல் என்றார். பணிவாகத்தான் சொன்னார். அதை மாமியிடம் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். மாமி தலையாட்டிவிட்டு, சோற்றின் மேல் இரண்டு கைகளையும் கவிழ்த்து மூடிக்கொண்டாள். காக்கை போகவில்லை. தலையைச் சாய்த்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமி மாமாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தேளா, கூப்பிட்டதும் வந்துட்டான். பசியோட வந்திருக்கான், நான் மூடிண்டு நிக்கறேனே!"

'மனநிம்மதிக்கு உத்தரவாதம்' என்று எங்கள் நோட்டீஸில் அச்சடித்திருப்பதைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை, அந்த மட்டில் தப்பித்தேன்.