அத்தா கண்ணில் விட்ட சொட்டு மருந்து

கண் மருத்துவம் படிக்கப் போன நானே என்னைப் பெற்ற தகப்பனின், என் அத்தாவின் கண்ணைக் கெடுத்தேன். சகோதரிகளே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவ மேற்படிப்புக்காக மலேசியா போனேன். நான்காம் வருடம், கடைசித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது அம்மா வீடியோ காலில் அழைத்தார். ஊரில் சம்பா அறுவடை. மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்ற அத்தாவின் வலது கண்ணில் பதர் தெறித்து எட்டு நாள் ஆகியிருந்தது.

"ஃபோனைக் கண்ணுகிட்ட கொண்டு போங்கம்மா" என்றேன். கருவிழி நடுவில் வெள்ளையாக ஒரு புண்.

"என்ன மருந்து போட்டீங்கத்தா?"

"நீ வச்சுட்டுப் போனதுதாம்மா. ஃப்ரிட்ஜுல இருந்துச்சே. ஒரு வேளைகூட தவற விடல." சொல்லும்போது அவருக்குப் பெருமை வேறு.

போன விடுமுறையில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அப்போது போட்ட ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் மிச்சம் அது. பதர் பட்ட கண்ணில் பூஞ்சை பிடித்தால், அந்த மருந்து பூஞ்சைக்கு உரம் போட்ட மாதிரி. மிச்ச மருந்தைத் தூக்கி எறியுங்கள் என்று நோயாளிகளிடம் தினமும் சொல்கிறவள், என் வீட்டில் எறியாமல் விமானம் ஏறிவிட்டேன்.

"அதை நிறுத்துங்க. இப்பவே தஞ்சாவூர் கிளம்புங்க" என்றேன். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

தஞ்சாவூர் டாக்டர் பூஞ்சை என்று உறுதி செய்தார். ஒரு வாரம் பார்ப்போம், அடங்காவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் கிளம்பி வருவதாகச் சொன்னேன். "பரீட்சைய விட்டுட்டு வந்தா உங்கூடப் பேசவே மாட்டேன்" என்றார் அத்தா.

போகவில்லை. அழுகையும் வரவில்லை. வார்டுக்குப் போனேன், ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தேன், சாப்பிட்டேன். சோற்றில் உப்பு இருந்ததா என்று கேட்டால் தெரியாது. தொழுகையில் சஜ்தா செய்து நெற்றியைத் தரையில் வைத்தால், வேண்டிக் கேட்க துஆ எதுவும் நாவுக்கு வரவில்லை. "யா அல்லாஹ், கண்." அவ்வளவுதான். ஐந்து வேளையும் அந்த ஒரே சொல். மரக்கட்டை மாதிரி இப்படிக் கேட்டால் எப்படி ஏற்கப்படும் என்றும் நினைத்தேன்.

ஊரில் அம்மா மணிக்கொரு தடவை புது மருந்தை விட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் அவர் அழைத்தார்.

"புண்ணு ஓரம் சுருங்குதுன்னு டாக்டர் சொல்றாருடி. கண்ண எடுக்க வேணாமாம்."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அப்போதும் அழவில்லை. இரண்டு நாள் கழித்துத் தேர்வு எழுதினேன், தேறினேன். அதற்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது மருந்து விடும் வேளை. அந்தக் கண்ணில் தழும்பு நின்றுவிட்டது. விரல்களை எண்ணுமளவு பார்வை இருந்தது. பாட்டிலை எடுத்தேன். அத்தா என்ன மருந்து என்று கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, அண்ணாந்து, கண்ணை அகலத் திறந்தார்.

"விடும்மா."

அப்போதுதான் அழுதேன். சொட்டு எங்கே விழுந்ததோ தெரியாது. பிறகு அம்மாதான் பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி மருந்தை விட்டார்.

தவறு செய்தவள் நான். என் கைக்கே அவர் அப்படி அண்ணாந்தார். தவறே செய்யாத என் இறைவன், அந்த ரப்பின் முன்னால் நான் எத்தனை நாள் நம்பிக்கையில்லாமல் கண்ணை இறுக மூடியிருந்தேன்!

இன்று என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன மருந்து இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். துஆ வராத நாட்கள் இன்னும் உண்டு. வராமலே தொழுகையில் போய் நிற்கிறேன். மனம் மரத்துப்போன நாள் உங்களுக்கும் வந்தால், சகோதரிகளே, ஒரே ஒரு சொல்லோடு போய் நில்லுங்கள். அவனுக்கு அது போதும்.