கணவன்மார் சங்கம் எனக்குக் கொடுத்த உத்தரவு

குன்னூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு முன்னறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தத் தடுப்பை நம்பித்தான் பெண்கள் காதில் விழக்கூடாத விஷயங்களைப் பேசுவதற்கென்று ஒரு சங்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் முன்னறையில் கூடிக்கொண்டிருந்தது. பெயர், கணவன்மார் நலச் சங்கம். செயலாளர் என் கணவர். என்னைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள், டீ வேண்டுமென்றால் உயர்த்துவார்கள். இரண்டுமே எனக்கு நன்றாகக் கேட்கும்.

சங்கம் பிறந்தது வாட்ஸப்பில். மாரியம்மன் பண்டிகைக்கு அன்னதானம் போடும் கமிட்டிக்காரர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். பண்டிகை முடிந்ததும் குழு சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் ஆண்களுக்குத் துக்கம் வர எவ்வளவு நேரமாகும்? மனைவியிடம் மாட்டிக்கொண்ட கணவன் என்று முதலில் சிரிப்புப் படங்கள் வந்தன. பிறகு மீசை வைத்த யாரோ ஒருவர் ஆண்குலத்தின் வீழ்ச்சியைப் பற்றி அழாத குறையாகப் பேசும் வீடியோக்கள். ஒருநாள் குழுவின் பெயரை மாற்றி, அம்மன் படத்தை எடுத்துவிட்டுச் சிங்கத்தின் படத்தை வைத்தார்கள். லாரி ஆபீஸ்காரரைத் தலைவராக்கினார்கள். அவர் வீட்டில் அவர் பேச்சு எடுபடாது என்பது மார்க்கெட்டுக்கே தெரியும். அந்தத் தகுதியில் அவரை மிஞ்ச ஆளில்லாததால் போட்டியே நடக்கவில்லை.

குறைகளைக் கேட்க வேண்டுமே! பெண்களுக்கு மட்டும் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டரின் நிறத்தைக்கூட மனைவிதான் முடிவு செய்கிறாள். தலைவரின் அப்பா காலத்தில் அவர் வாசலில் நின்று ஒரு தடவை செருமினால் இலை போட்டுவிடுவார்களாம். இப்போது இவர் செருமினால், பிளாஸ்க்கில் சுடுதண்ணி இருக்கிறது, குடியுங்கள் என்று உள்ளேயிருந்து சத்தம் வருகிறதாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் வைத்த பெயர் அழுவாச்சி சங்கம்.

ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் யாரும் சமைக்கத் தெரியாதவர்கள் இல்லை. பண்டிகைச் சமையல் முழுக்க ஆண்கள் வேலை. பெண்கள் அடுப்புப் பக்கமே போகக்கூடாது. மழையிலும் பனியிலும் விறகு மூட்டி, அண்டாவில் சாம்பார் கொதிக்க, துடுப்பைப் பிடித்துக்கொண்டு என் கணவர் நிற்பதைப் பார்த்தால் போருக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். ஐந்நூறு பேருக்கு உப்பு அளந்து போடுகிற அதே மனுஷனுக்கு வீட்டில் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. கேட்டால், அது வேற, இது வேற என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஊட்டி கலெக்டர் ஆபீஸில் வருடக்கணக்காக உதவியாளராகக் குப்பை கொட்டியவளுக்குத் துணைத் தாசில்தார் வேலை. ஆனால் கூடலூரில். குன்னூரிலிருந்து தினமும் போய்வர முடிகிற தூரமா அது? அங்கேயே தேவர்சோலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறுக்குத்தான் வீட்டுக்கு வர முடியும். வேண்டாம் என்றால் அடுத்த சில வருடங்களுக்கு என் பெயரை யாரும் தொட மாட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். தன் எலக்ட்ரிக் கடையில் விற்றுத் திரும்பிவந்த மின்விசிறியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பிறகு, சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வேலைக்கு லாரி ஆபீஸில் உத்தரவா என்று கேட்டேன். அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான் எடுத்துக் கொடுத்த ஸ்வெட்டர்தான்.

அதே வாரம் கோயம்புத்தூரில் எனக்கு மூன்று நாள் பயிற்சி வந்தது. வீட்டை அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கிளம்பிவிட்டேன். முதல் நாளே மகள் போன் செய்தாள். அப்பா சாம்பார் வைக்கிறார், வீட்டுப் பாத்திரம் போதவில்லை, கமிட்டி அண்டா ஒன்றை எடுத்து வந்திருக்கிறார் என்றாள். கை அளவு பழகிவிட்ட மனுஷன். இரண்டு பேருக்கென்று பருப்பு அள்ளினால் அவருக்கு மனசு கேட்கவில்லை. குறைத்து வைத்தால் ருசி வராது என்று சாதித்திருக்கிறார். மூன்று நாளும் அதே சாம்பார். தெருவில் வீட்டுக்கு ஒரு வாளி போனது. ராத்திரி எல்லா வீட்டுச் சமையலறையையும் மோந்து பார்க்கும் கரடிகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை என்று எதிர்வீட்டுக்காரி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் நாள் மகள், இன்றைக்கும் சாம்பாரா என்று கேட்டதற்கு, இருக்கிறதைத் தின்னு, இல்லாவிட்டால் நீயே செய்துகொள் என்று கத்தினாராம். அது வார்த்தைக்கு வார்த்தை என்னுடைய வசனம்.

வெள்ளிக்கிழமை ஊட்டிக்கு வேலைக்குப் போனேன். மேலதிகாரி என்னம்மா முடிவு என்றார். வாயிலிருந்து சம்மதம் என்று வந்துவிட்டது. வந்தபிறகு பயம் பிடித்துக்கொண்டது. என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டால் தலை போனாலும் மாற்றிக்கொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரானால், முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு வீட்டை விட்டுத்தான் நான் கூடலூர் போக வேண்டும். பரீட்சை எழுதப்போகிற பெண்ணையும் அந்த வீட்டில்தான் விட்டுப்போக வேண்டும். அவர் வாயால் போய் வா என்ற ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சம்மதித்த விஷயத்தையே மறைத்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. வெளியே மூடுபனி. உள்ளே சங்கம் நிரம்பிவிட்டது. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தடுப்பில் காதை வைத்தேன். மகளும் பக்கத்தில் வந்து நின்றாள். ஆளாளுக்குப் பேசினார்கள். பெண்டாட்டி அதிகாரியானால் புருஷன் பியூன் என்றார் ஒருவர். சங்கத்திலிருந்த டெய்லர் ஒருவர் மட்டும், துணைத் தாசில்தாரின் வீட்டுக்காரர் என்றால் வருவாய்த்துறையில் நல்ல மரியாதை கிடைக்குமே என்று மெல்லச் சொன்னார். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் தலைவர் என் கணவரிடம் கேட்டார். "தம்பி, நம்ம சங்கத்துச் செயலாளரே ஊட்டுல கரண்டி புடிச்சுட்டு நின்னா ஊரு என்னங்கும்?"

"பண்டிகைக்கு நாமதானுங்க கரண்டி புடிக்கறோம்."

"அது சாமிக்கு, தம்பி."

"சாமி எங்கீங்க சாப்பிட்டுது? நாமதானுங்க சாப்பிட்டோம்."

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். என் கணவர் விடவில்லை. "மூணு நாளு சமைச்சேனுங்க. தெருவே சாப்பிட்டுது. நல்லாயிருக்குதுன்னு ஒருத்தரு சொல்லோணுமே! எனக்கு அழுவாச்சியே வந்துருச்சு. இவ கண்ணாலம் ஆன நாளா பொங்கிப் போடறா. நான் ஒருக்காவாச்சும் சொல்லியிருக்கறனான்னு ரோசனை பண்ணிப் பாத்தேன். சொன்னதா நெனப்பே இல்லீங்க."

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் கையில் துணியோடு, அடுப்பைத் துடைப்பதா கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் நின்றேன். மகள் என் கையிலிருந்து துணியைப் பிடுங்கி அடுப்பைத் துடைத்தாள்.

பிறகு முன்னறையில் குசுகுசுவென்று ஏதோ ஆலோசனை நடந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மீதிப் பாலில் டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் கல்யாணத்துக்கு நிச்சயம் பேச வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்திருந்தார்கள்.

"அம்மிணி," என்றார் தலைவர், "சங்கம் நல்லா யோசிச்சு உத்தரவு குடுத்துருக்குது. நீ கூடலூருக்குப் போயிட்டு வா."

அப்படியே சுருக்கென்றது. போய் வா என்ற வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன்! வந்தது லாரி ஆபீஸ் வாயிலிருந்து. தட்டை மேசைமேல் டங்கென்று வைத்துவிட்டு, நான் யாரைக் கேட்டேன் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் என் கணவர் பேசினார்.

"உத்தரவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவ வெள்ளிக்கிழமையே சம்மதம் சொல்லிட்டா. நேத்து அவ ஆபீஸ்காரரு ஒருத்தரு பல்பு வாங்க வந்தவரு வாழ்த்துச் சொல்லிட்டுப் போனாரு. அவ போறா, நான் சமைக்கறேன், அவ்வளவுதான்." என்னைப் பார்த்துச் சொன்னார், "தைரியமா போயிட்டு வா புள்ள."

நான் திறந்த வாயை மூட மறந்து நின்றேன். தலைவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்குத் தம்பி ஒரு மணி நேரமா பேசுனோம்?"

என் கணவர் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நம்ம மனசு ஆறோணுமில்லீங்க," என்றார்.